பேப்பர் யார் போடுவது?

லண்டனில் கிளியரிங் ஏஜென்ட் என்று சொன்னால், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிற வேலை என்றுதான் நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். மூட்டையை நான் தொடுவதே இல்லை. என் வேலை பேப்பர். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு கன்டெய்னர் ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு வருகிறது என்றால் அதற்குள் என்ன இருக்கிறது, எங்கே விளைந்தது, என்ன விலை, யார் அனுப்பியது, வரியை யார் கணக்கில் பிடிப்பது என்று சுங்கத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சி88 என்ற பழைய படிவத்தில் இதற்கு 54 கட்டங்கள். கம்ப்யூட்டர் வந்ததும் காகிதம் போய்விட்டது, கேள்விகள் போகவில்லை. ஆனாலும் தொழிலில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் 'பேப்பர் போட்டாச்சா?' என்றுதான் கேட்போம்.

நான் தொழில் கற்றது சென்னை பாரிமுனையில், தம்புச் செட்டித் தெருவில். சாமான் என்னவென்று பார்த்ததும் அதன் எண் நாக்கில் வரவேண்டும் என்பார் என் முதல் முதலாளி. உலகம் முழுக்க வியாபாரமாகிற பொருள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. அப்பளம் 1905இல் வரும். தேவாலயத்தில் நற்கருணைக்குக் கொடுக்கிற அப்பமும் அதே 1905தான். பிரிட்டனுக்குள் இறக்குமதி என்றால் அந்த நான்கு இலக்கம் பத்து இலக்கமாக நீளும். கடைசி இரண்டு இலக்கம் மாறினால் வரி மாறும், சில நேரம் சோதனைக்கே நிறுத்திவிடுவார்கள்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை இத்தனை சடங்கும் ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சரக்குக்கு மட்டும்தான். 1993 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்கப் படிவம் கிடையாது. ஹாலந்துத் தக்காளி லண்டன் சந்தைக்கு வருவதும் ஒட்டன்சத்திரம் தக்காளி கோயம்பேட்டுக்கு வருவதும் அப்போது ஒன்றாகத்தான் இருந்தது: லாரி, டிரைவர், ஒரு பில். சொல்லப்போனால் நம் ஊரிலேயே அந்தச் சுகம் முழுதாக இருந்ததில்லை. கோயம்புத்தூர் தாண்டி வாளையாறு செக்போஸ்டில் லாரிகள் நாள் கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச் 29 அன்று, ஒன்றியத்திலிருந்து விலகுகிறோம் என்று பிரிட்டன் கடிதம் கொடுத்திருந்தது. அங்கே சாவடியை எடுத்த வருஷம், இங்கே சாவடி வைப்பதற்கு நாள் குறித்தார்கள்.

2016 ஜூன் 23 பொதுவாக்கெடுப்பில் விலகுவோம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருப்போம் என்றவர்கள் 48.1. எங்கள் ஈஸ்ட் ஹாம் பக்கமும் விலகலுக்கு ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களின் வரத்து குறைந்தால் நம் ஊர் சமையல்காரர்களுக்கு விசா சுலபமாகும், கறி உணவகங்கள் பிழைக்கும் என்று அன்றைய அமைச்சர் பிரீத்தி பட்டேல் பிரசாரம் செய்தார். 2014இல் பழ ஈ இருக்கிறது என்று இந்திய மாம்பழத்துக்கும் பாகற்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் ஒன்றியம் தடை போட்ட ஆத்திரமும் சிலருக்கு ஆறவில்லை. மாம்பழத் தடை 2015இலேயே நீங்கிவிட்டது, ஆத்திரம்தான் மிச்சம். ஓட்டுச் சீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று: இருப்பதா, விலகுவதா. விலகினால் பேப்பர் யார் போடுவது, எங்கே போடுவது என்று அதில் கேட்கவில்லை. அடுத்த மூன்றரை ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்தில் நடந்த கூத்து முழுவதும், கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

சிக்கலை எங்கள் தொழில்காரனிடம் கேட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவான். பிரதமர் தெரசா மே மூன்று வாக்குறுதி கொடுத்தார். ஒன்று, பிரிட்டன் ஐரோப்பாவின் சுங்க ஒன்றியத்திலும் (ஒரே வரி) இருக்காது, ஒற்றைச் சந்தையிலும் (ஒரே சரக்கு விதி) இருக்காது. இரண்டு, வட அயர்லாந்துக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே சாவடி, கேமரா எதுவும் வராது. மூன்று, வட அயர்லாந்துக்கும் பிரிட்டன் தீவுக்கும் நடுவே கடலிலும் எல்லை வராது. தனித்தனியே பார்த்தால் மூன்றும் நியாயம். அயர்லாந்து எல்லை சுமார் 500 கிலோமீட்டர், அதைக் கடக்கிற சாலைகள் இருநூறுக்கு மேல். முப்பது ஆண்டு ரத்தம் சிந்திய பிறகு 1998 சமாதான உடன்படிக்கையில்தான் அங்கே ராணுவச் சாவடிகள் போக வழி பிறந்தது. திரும்ப ஒரு கம்பம் நட்டால்கூட அதற்கு யாராவது குண்டு வைப்பான் என்ற பயம் வெறும் பேச்சில்லை. வட அயர்லாந்தில் கறக்கிற பாலில் ஒரு பகுதி தினமும் தெற்கே பதப்படுத்தப் போகிறது. அந்தப் பால் டேங்கர் ஒரு வரி விதிப்பிலிருந்து இன்னொன்றுக்குள் நுழைகிறது என்றால் எங்கோ ஓர் இடத்தில் பேப்பர் போட்டே ஆகவேண்டும். நில எல்லையிலும் கூடாது, கடலிலும் கூடாது, சுங்க ஒன்றியத்திலும் இருக்கமாட்டோம் என்றால் பால் போக வழி இல்லை. மூன்றில் எதையாவது இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இதற்குத் தொழில்நுட்பம் இருக்கிறது என்று 2018 முழுவதும் ஒரு கோஷ்டி சொல்லிக்கொண்டிருந்தது. லாரி எண்ணைத் தானே படிக்கிற கருவி, நம்பகமான வியாபாரிகளுக்குத் தனிச் சலுகை, எல்லாம் முன்கூட்டியே ஆன்லைனில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்த மே மாதம் வரித் துறைத் தலைவர் ஜான் தாம்சன் நாடாளுமன்றக் குழு முன் வந்து, ஒரு சுங்க அறிவிப்புக்குச் சராசரி 32.50 பவுண்ட் என்று வைத்து, இந்த ஏற்பாட்டால் வியாபாரிகளுக்கு ஆண்டுக்கு 2,000 கோடி பவுண்ட் வரை செலவாகலாம் என்று கணக்குக் கொடுத்தார். உறுப்பினர்கள் சிலர் அவர் மேலேயே பாய்ந்தார்கள். 32.50 என்பது எங்கள் கடைத்தெரு விலைதான். நாங்கள் அதற்குக் குறைத்துச் செய்ததில்லை.

2018 நவம்பரில் ஒப்பந்தம் வந்தது, 585 பக்கம். அதன் கழுத்தில் கட்டிய கல் 'பேக்ஸ்டாப்' என்ற ஏற்பாடு. வேறு வழி கண்டுபிடிக்கும் வரை பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்க எல்லைக்குள் இருக்கும், வட அயர்லாந்து சரக்கு விதிகளிலும் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதாவது முதல் வாக்குறுதி கொஞ்சம் தேய்ந்தது, மூன்றாவதும் கொஞ்சம் தேய்ந்தது. விலகல் தீவிரவாதிகளுக்கு முதலாவது தேய்ந்தது பொறுக்கவில்லை. வட அயர்லாந்தின் டியுபி கட்சிக்கு மூன்றாவது தேய்ந்தது பொறுக்கவில்லை. 2017 தேர்தலில் தானாகப் பெரும்பான்மையைத் தொலைத்த தெரசா மே, அந்தக் கட்சியின் பத்துப் பேர் தயவில்தான் நாற்காலியில் இருந்தார்.

2019 ஜனவரி 15 அன்று ஒப்பந்தம் 202க்கு 432 என்று தோற்றது. 230 வாக்கு வித்தியாசம். நவீன பிரிட்டனில் எந்த அரசும் அப்படித் தோற்றதில்லை. மறுநாளே நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, அதில் அரசு 325க்கு 306 என்று ஜெயித்தது. ஆட்சி நீ செய், ஆனால் நீ கொண்டுவருவதை நிறைவேற்றமாட்டோம் என்று ஒரே சபை இரண்டு நாளில் இரண்டு தீர்ப்புக் கொடுத்தது. மார்ச் 12இல் மறுபடி தோல்வி, 149. மார்ச் 29இல் மூன்றாவது முறை, 58. நடுவில் சபாநாயகர் ஜான் பெர்கோ 1604ஆம் ஆண்டு மரபைத் தூசி தட்டி எடுத்து, அதே தீர்மானத்தைத் திரும்பத் திரும்ப வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முடியாது என்றார்.

அந்த மூன்று மாதம் எங்கள் அலுவலகத்தில் ஃபோன் ஓயவில்லை. அதுவரை எங்களை யாரும் சீந்தியதில்லை. ஐரோப்பாவோடு மட்டும் வியாபாரம் செய்கிற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்குச் சுங்கம் என்றால் என்னவென்றே தெரியாது. பருப்பும் புளியும் ரப்பர் செருப்பும் இறக்குமதி செய்கிற எங்களுக்கு அது தினசரிச் சோறு. பாலாடைக்கட்டி விற்கிறவர், ஜன்னல் சட்டம் விற்கிறவர், குதிரைத் தீவனம் விற்கிறவர் எல்லோரும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எண் கேட்டார்கள். இந்தச் சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்று நான் கேட்பேன். 'பெல்ஜியத்தில் வாங்கியது' என்பார்கள். வாங்கியது வேறு, உற்பத்தியானது வேறு என்று விளக்கவே அரை மணி போகும்.

எங்களிடம் பகுதி நேரமாக வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கிலேயப் பெரியவர், 1993க்கு முன் டோவர் துறைமுகத்தில் இதே வேலை பார்த்தவர். எல்லை திறந்த அன்று டோவரில் எத்தனையோ ஏஜென்ட் ஆபீஸ்கள் மூடின, அவரும் வேலை இழந்து வெகுகாலம் டாக்சி ஓட்டினார். பசங்களுக்கு வகுப்பெடுக்க அவரைத்தான் விட்டேன். போர்டில் டோவரை வரைந்து காட்டுவார்: இந்தப் பக்கம் சுண்ணாம்பு மலை, அந்தப் பக்கம் கடல், நடுவில் ஒரு சாலை. உச்ச நாட்களில் 10,000 லாரி போய்வருகிற இடம். ஒரு லாரியை இரண்டு நிமிஷம் கூடுதலாக நிறுத்தினால் வரிசை எங்கே போய் நிற்கும் என்று அவர் கையை போர்டுக்கு வெளியே சுவர் வரை இழுத்துக்கொண்டு போவார். டோவரிலிருந்து பிரான்ஸின் கலேக்குப் போகிற கடல் வழியை நாடு இவ்வளவு நம்பியிருப்பது தமக்கு முழுதாகப் புரிந்திருக்கவில்லை என்று விலகல் துறை அமைச்சர் டொமினிக் ராப் முந்தைய நவம்பரில் பேசியதைச் சொன்னால் மட்டும் அவர் சிரிக்கமாட்டார்.

ஒப்பந்தமே இல்லாமல் விலக நேர்ந்தால் என்ன செய்வது என்று அரசும் ஒத்திகை பார்த்தது. மான்ஸ்டன் என்ற பழைய விமான நிலையத்தில் லாரிகளை நிறுத்தி டோவருக்கு ஓட்டிப் பார்த்தார்கள், வந்தது 89 லாரி. மாற்றுக் கப்பல் போக்குவரத்துக்காக, சொந்தமாக ஒரு கப்பல்கூட இல்லாத கம்பெனிக்கு 1.38 கோடி பவுண்ட் ஒப்பந்தம் கொடுத்துப் பிறகு ரத்து செய்தார்கள். தங்களைக் கேட்காமல் கொடுத்ததற்காக பிரான்ஸுக்குக் கடலடியில் போகிற சுரங்கப்பாதையை நடத்துகிறவர்கள் வழக்குப் போட, அவர்களுக்கு 3.3 கோடி பவுண்ட் கொடுத்து சமாதானமானார்கள்.

பிரதமரால் முடியாது, நாங்களே வழி காண்கிறோம் என்று உறுப்பினர்கள் மார்ச் 27 அன்று எட்டு யோசனைகளை வாக்கெடுப்புக்கு வைத்தார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1இல் நான்கு. அவையும் தோற்றன. அதில் கென் கிளார்க் கொண்டுவந்த சுங்க ஒன்றியத் தீர்மானம் 273க்கு 276, மூன்று வாக்கில் போனது. ஆபீஸில் இருந்த பசங்களுக்கு அன்றைக்கு ஏமாற்றம். எனக்கு அவ்வளவாக இல்லை. சுங்க ஒன்றியம் வந்தால் எல்லையில் தடையே இருக்காது என்று சபையில் பாதிப்பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1995 கடைசியிலிருந்து துருக்கி ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில்தான் இருக்கிறது. பல்கேரிய எல்லையில் கபிகுலேயில் துருக்கி லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கின்றன. தொழிற்சாலைச் சரக்குக்கு வரி கிடையாது, ஆனால் ஏ.டி.ஆர் என்ற பேப்பர் வேண்டும், டிரைவருக்கு பெர்மிட் வேண்டும். நார்வே இதற்கு நேர் எதிர்: ஒற்றைச் சந்தையில் உண்டு, சுங்க ஒன்றியத்தில் இல்லை, அதனால் ஸ்வீடன் எல்லையில் சுங்கச் சாவடி உண்டு. எல்லை இல்லாமல் போக இரண்டும் சேர்ந்து வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அது ஏறக்குறைய உறுப்பினராக இருப்பதுதான், மேசையில் ஓட்டு மட்டும் இல்லாமல். இதை எழுந்து நின்று சொன்னவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு. ஏப்ரல் 4 அன்று சபைக் கூரையில் தண்ணீர் ஒழுகி விவாதத்தை நிறுத்தினார்கள் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். தொழிலுக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் விட மனசில்லை.

விலகும் நாள் மார்ச் 29 என்றார்கள். பிறகு ஏப்ரல் 12. பிறகு அக்டோபர் 31. பிறகு 2020 ஜனவரி 31. டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது தேதி. எங்களுக்கு ஒவ்வொரு தேதியும் ஒரு செலவு. சுங்கத்தில் தவணைக் கணக்கு வைக்க வங்கி உத்தரவாதம் வாங்கவேண்டும், அதற்குக் கமிஷன். ஆள் எடுத்துப் பழக்கவேண்டும். வாடிக்கையாளர்கள் முன்னெச்சரிக்கையாகச் சரக்கு வாங்கிக் குவிக்க, கிடங்கு வாடகை ஏறியது. தேதி தள்ளிப்போனதும் பழகிய பையன் வேறு வேலைக்குப் போய்விடுவான், குவித்த சரக்கு காலாவதியை எட்டிப் பார்க்கும். அக்டோபருக்கு மறுபடி முதலிலிருந்து. அரசின் பேச்சை நம்பி ஒவ்வொரு முறையும் தயாரானவனுக்கு ஒவ்வொரு முறையும் நஷ்டம். எதுவும் செய்யாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் ஒரு பைசா இழக்கவில்லை. கடைசியில் நிஜமாகவே எல்லை வந்தபோது, தயாரானவர்களில் பாதிப்பேர் 'இதுவும் தள்ளிப்போகும்' என்று சும்மா இருந்துவிட்டார்கள். நாடாளுமன்றத்தின் முட்டுக்கட்டையால் நாட்டுக்கு ஆன பெரிய கேடு என்று நான் நினைப்பது இதைத்தான். பவுண்ட் விழுந்ததெல்லாம் அடுத்தது.

முடிச்சு அவிழ்ந்த விதம் சாதாரணமானது. 2019 ஜூலையில் தெரசா மேக்குப் பிறகு பிரதமராக வந்த போரிஸ் ஜான்சன் மூன்றாவது வாக்குறுதியைத் தூக்கிப் போட்டார். எல்லை ஐரிஷ் கடலுக்குப் போனது. நாடாளுமன்றத்தை அவர் முடக்கியதும், உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் ஒருமனதாக அது செல்லாது என்றதும், சொந்தக் கட்சியிலேயே 21 பேரை வெளியே தள்ளியதும் பத்திரிகைக்குத் தீனி. பேப்பர் கணக்கில் பார்த்தால் நடந்தது ஒன்றுதான், பால் டேங்கர் தெற்கே தடையின்றிப் போகும், லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகிற பிஸ்கட் லாரி பேப்பர் காட்டும். டிசம்பர் 12 தேர்தலில் 80 பெரும்பான்மை வந்ததும் யாருடைய பத்து ஓட்டும் தேவைப்படவில்லை. தேர்தலுக்கு முந்தைய மாதம் அவர் வட அயர்லாந்து வியாபாரிகளிடம், யாராவது படிவம் நிரப்பச் சொன்னால் எனக்கு ஃபோன் போடுங்கள், அதைக் குப்பையில் போடச் சொல்வேன் என்று பேசியிருந்தார். 2021 ஜனவரியில் அதே படிவங்களை வியாபாரிகளுக்காக நிரப்பிக் கொடுக்க அரசு செலவிலேயே ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள்.

2020 டிசம்பர் 24 அன்று ஒன்றியத்தோடு வர்த்தக ஒப்பந்தம் முடிந்தது. விலகிய பிறகும் பழைய விதிகளே ஓடிய இடைக்காலம் முடிந்து அது நடைமுறைக்கு வர ஒரு வாரம்தான் இருந்தது. வரி கிடையாது, ஒதுக்கீடு கிடையாது என்று செய்தியில் சொன்னார்கள். ஜனவரி முதல் வாரமே எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கிழக்கு லண்டனில் பார்க்கிங் (Barking) என்ற பகுதியில் மளிகைக் கிடங்கு. வாரா வாரம் தன் வேனில் பாரீஸ் லா சப்பெல் கடைகளுக்கு அப்பளம், மிளகாய்த்தூள், நெய், மாசிக் கருவாடு அனுப்புகிறவர். வேன் கலேயில் நிற்கிறது.

"தம்பி, சாமானும் என்ர, வானும் என்ர. இதுக்கு ஆரிட்டக் கேக்கோணும்?"

"அண்ணை, இனி அது ஏற்றுமதி. இந்தப் பக்கம் ஒரு அறிவிப்பு, பிரான்ஸ் பக்கம் ஒரு அறிவிப்பு."

"வரி இல்லையெண்டுதானே சொன்னவை?"

பிரிட்டனில் உற்பத்தியானதற்குத்தான் வரி இல்லை என்று சொன்னேன். அப்பளம் இந்தியாவில் செய்தது. இந்தியாவிலிருந்து லண்டன் வந்தபோது ஒரு முறை வரி கட்டினார். அதே பெட்டி பிரிக்காமல் பாரீஸ் போனால் பிரான்ஸில் இன்னொரு முறை கட்டவேண்டும். வழியில் லண்டனில் வைத்திருந்ததால் அது பிரிட்டன் பொருள் ஆகிவிடாது. முதலிலேயே வரி கட்டாமல் சுங்கக் காப்புக் கிடங்கில் வைத்து, டி1 என்ற இடைவழிப் பேப்பரில் பிரான்ஸுக்கு அனுப்பினால் இரட்டை வரி இல்லை, ஆனால் அதற்குக் கிடங்குக்கே அனுமதி வாங்கவேண்டும். நெய்க்கும் கருவாட்டுக்கும் அரசு அங்கீகரித்த அதிகாரி கையெழுத்திட்ட சுகாதாரச் சான்று வேண்டும், வேனுக்குள் ஒரு டப்பாவுக்கு இல்லையென்றாலும் முழு வேனும் நிற்கும். அவர் எழுதுவதற்கு என் பேனாவை வாங்கினார், பிறகு எழுதாமலே திருப்பிக் கொடுத்தார்.

ஐரோப்பாவின் பக்கம் முதல் நாளிலிருந்தே சோதனை. பிரிட்டன் தன் பக்கம் உணவுச் சோதனையைத் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்து 2024இல்தான் தொடங்கியது: ஜனவரி 31இல் சான்றிதழ், ஏப்ரல் 30இல் நேரடிச் சோதனை. டோவருக்கான சாவடி ஆஷ்ஃபோர்டு பக்கத்தில் செவிங்டனில். டோவர், சுரங்கப்பாதை வழியாக வருகிற ஒவ்வொரு வகை உணவுப் பொருளுக்கும் 2024இல் 29 பவுண்ட் வரை கட்டணம் வைத்தார்கள், ஓர் அனுப்புகைக்கு அதிகபட்சம் 145. 2025 மே 19 அன்று லண்டனில் கூடி, உணவுச் சோதனைகளைப் பெரும்பாலும் நீக்குகிற ஓர் உடன்பாட்டுக்குப் பேசலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அது வந்தால் போர்ட்ஸ்மவுத்தில் சுமார் 2.5 கோடி பவுண்டில் கட்டிய சோதனைக் கூடத்துக்கு வேலை இருக்காது. வரி அறிவிப்பு இருக்கும், எங்களுக்கு வேலை இருக்கும்.

பார்க்கிங் அண்ணை ஒன்றரை ஆண்டு பேப்பர் போட்டுப் பார்த்தார். பிறகு பாரீஸுக்கு வெளியே ஒரு கிடங்கு எடுத்து, அங்கே மகள் பெயரில் கம்பெனி பதிவு செய்தார். இப்போது அவருடைய கன்டெய்னர் கொழும்பிலிருந்து நேராக லு ஆவ்ர் துறைமுகத்துக்குப் போகிறது. பேப்பர் போடுவது ஒரு பிரெஞ்சுக் கம்பெனி. லண்டன் கிடங்கில் பாதியை வாடகைக்கு விட்டிருக்கிறார்.